முதலில் அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள்

இந்தியில் காதல் படம் என்றதும் பனிமலை, ஷிஃபான் புடவை, கை விரித்து நிற்கும் நாயகன் என்றுதான் பலருக்கும் ஒரு சித்திரம் எழும். அதற்குப் பக்கத்திலேயே ஐம்பது வருடமாக இன்னொரு வரிசை சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. அதில் நாயகன் ஆபீஸ் முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்பான். நாயகிக்கு மறுநாள் நேர்முகத் தேர்வு இருக்கும். இந்தப் படங்களை யாரோ சொல்லிக் கேட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணுமே நடக்கலையே" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நடக்காமல் இல்லை. நடக்கிற இடம் வேறு.

பிடி கிடைக்க ஒரு வழி இருக்கிறது. முதல் பதினைந்து நிமிடத்தில் மூன்று விஷயங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: இவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், இரவு எங்கே படுக்கிறார்கள், செலவுக்கு யார் பணம் தருகிறார்கள். வழக்கமான படத்தில் நாயகனின் வேலை ஒரு அறிமுகக் காட்சியோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவன் ஆபீஸ் போனதாகவே தெரியாது. இங்கே வேலை கடைசி வரை கூடவே வரும், காதலுக்கு அதில் மிச்சமான நேரம்தான் கிடைக்கும். அந்த மிச்ச நேரத்தில் இரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கதை.

சாய் பராஞ்ச்பேயின் 'சஷ்மே பத்தூர்' (1981) இதற்கு நல்ல பாலபாடம். டெல்லியில் ஒரே அறையில் மூன்று பிரம்மச்சாரிகள், பெட்டிக்கடையில் ஏறிக்கொண்டே போகும் சிகரெட் கடன். தீப்தி நவல் வீடு வீடாகப் போய் சலவைத் தூள் விற்கும் பெண். வாளியில் நுரை எழச் செய்துகாட்டும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஃபாரூக் ஷேக்கும் அவரும் முதன்முதலாகப் பேசிக்கொள்கிறார்கள். மனப்பாடம் செய்த விற்பனை வசனம் ஒரு பக்கம், என்ன பதில் சொல்வது என்று தெரியாத கூச்சம் ஒரு பக்கம். மற்ற இரண்டு நண்பர்களும் அதே பெண்ணிடம் போய் மூக்குடைபட்டுத் திரும்பி வந்து, தாங்கள் வென்றுவிட்டதாக அளக்கிறார்கள். அந்தப் புளுகுகள் மட்டும் முழுக்க முழுக்க சினிமா பாணியில், டூயட்டோடு படமாகியிருக்கும். சினிமாக் காதல் என்றால் பொய், சோப்புத் தூள் என்றால் நிஜம் என்று எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லாமலே படம் சொல்லிவிடுகிறது. யதார்த்தப் படம் என்றாலே அழுது வடியும் என்று நினைப்பவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆரம்பம் முதல் சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

அதற்கு ஏழு வருடம் முன்னால் வந்தது பாசு சட்டர்ஜியின் 'ரஜனிகந்தா' (1974). தலைப்பின் பொருள் நிலச்சம்பங்கி. தீபா டெல்லியில் ஆராய்ச்சி மாணவி. சஞ்சய் ஆபீஸ் குமாஸ்தா ரகம். வாய் ஓயாமல் பதவி உயர்வைப் பற்றிப் பேசுவான், சினிமாவுக்கு நேரத்துக்கு வரமாட்டான், ஆனால் சம்பங்கி வாங்கி வந்துவிடுவான். வேலைத் தேர்வுக்காக தீபா பம்பாய் போகிறாள். அங்கே பழைய காதலன் நவீன் உதவிக்கு வருகிறான். நேரம் தவறாதவன், அக்கறையானவன், பழசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன். இரண்டு பேரில் யாரை அவள் விரும்புகிறாள்? ஊர் மாறினால் விடையும் மாறுகிறது. ஒரு பெண்ணின் மனம் இப்படி இரண்டு பக்கமும் சாய்வதை, அவளைக் கெட்டவளாக்காமல், யாரையும் சாகடிக்காமல், 1974லேயே எடுத்திருக்கிறார்கள்.

இதில் நிறுத்தி நிதானமாகப் பார்க்கவேண்டியது டாக்ஸிப் பாட்டு. 'கயி பார் யூன் ஹி தேகா ஹை' என்று முகேஷ் பாடுவது. அந்த ஆண்டின் சிறந்த பாடகருக்கான தேசிய விருதை அவருக்கு வாங்கித் தந்தது. இசை சலில் சௌத்ரி. பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு இசையமைத்தவர் என்றால் நமக்குச் சட்டென்று ஒட்டும். பாட்டு ஓடும்போது டாக்ஸிக்குள் யாரும் உதடு அசைப்பதில்லை. பின்சீட்டில் இரண்டு பேர், நடுவில் கொஞ்சம் இடைவெளி, ஜன்னலில் பம்பாய். முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த இடைவெளியைப் பாருங்கள். பாட்டு அவள் தலைக்குள் ஓடுகிறது. அவனுக்கு அது கேட்கவே இல்லை. அவன் சும்மா டாக்ஸியில் உட்கார்ந்திருக்கிறான். அதுதான் அவள் கஷ்டம்.

இந்தக் கதை மன்னு பண்டாரி எழுதிய 'யஹீ சச் ஹை' சிறுகதையிலிருந்து வந்தது. மூலத்தில் ஊர்கள் கான்பூரும் கல்கத்தாவும். நாட்குறிப்பு போல ஊர்ப் பெயரையே தலைப்பாகப் போட்டுக் கதை நகரும். படம் பார்த்துவிட்டுப் பிறகு கதையைப் படித்தால், தீபாவின் தடுமாற்றத்தில் எவ்வளவு பங்கு மனிதர்களுக்கு, எவ்வளவு பங்கு ஊருக்கு என்ற கேள்வி இன்னும் கூர்மையாகும். கதையை முதலில் படித்தால் படம் கொஞ்சம் சாதுவாகத் தெரியும்.

இனி மொழி. தமிழ்ப் பார்வையாளர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். இந்தியில் முன்னிலைக்கு மூன்று படிகள்: மரியாதைக்கு ஆப், நடுவில் தும், மிக நெருக்கத்துக்கோ ஏச்சுக்கோ தூ. நமக்கு நீங்கள், நீ என்று இரண்டுதான் பழக்கம். நெல்லைப் பக்கத்து 'நீரு' வேண்டுமானால் நடுப்படிக்கு ஓரளவு அருகில் வரும். ஆங்கில சப்டைட்டில் மூன்றையும் 'யூ' என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடும். காதல் ஒரு படி ஏறுவதும், சண்டையில் ஒரு படி இறங்குவதும் சப்டைட்டிலில் காணாமல் போகும். இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த மூன்று சொற்களை மட்டும் காதில் பிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு படத்தில் பழகிவிடும். தமிழ் டப்பிங்கில் இந்தப் படங்களைப் பார்க்கவே வேண்டாம் என்பேன். இந்திக்குள்ளேயே ஒரு பாத்திரம் பனாரஸ்காரனா, டெல்லிக்காரனா, மராத்தி பேசி வளர்ந்தவளா என்பது பேச்சில்தான் இருக்கிறது. டப்பிங்கில் எல்லோரும் ஒரே ஊர் ஆகிவிடுவார்கள்.

ரோஹெனா கெரா இயக்கிய 'சர்' (2018) ஒற்றை விளிச்சொல்லை நம்பி எடுத்த படம். மும்பையில் ஒரு பணக்கார வீட்டு இளைஞன், அவன் ஃப்ளாட்டிலேயே தங்கி வேலை செய்யும் ரத்னா என்ற இளம் விதவை. தில்லோத்தமா ஷோம் நடித்திருக்கிறார். ரத்னாவுக்குத் தையல் கற்று ஆடை வடிவமைப்பாளர் ஆக ஆசை. ஊரில் அவள் வளையல் போடக்கூடாது. நகரம் வரும் வழியில் எடுத்து மாட்டிக்கொள்வாள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவன் மேஜையில் சாப்பிடுகிறான், அவள் சமையலறைத் தரையில். இந்தப் படத்தில் 'சர்' என்ற சொல் எத்தனை விதமாக வருகிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள்: உத்தரவுக்குப் பதிலாக, கேள்வியாக, தடுப்பாக, கெஞ்சலாக. அவன் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்கிறான். அப்படிச் சொல்வது அவனுக்குச் சுலபம். அவள் ஏன் சட்டென்று மாற்றிக்கொள்வதில்லை என்பது புரிந்தால் படமே புரிந்துவிடும். கடைசிக் காட்சியில் அரை நொடி கவனம் சிதறினாலும் நஷ்டம், அதனால் அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

இதே சொல்லை விக்ரமாதித்ய மோட்வானே தன் முதல் படமான 'உடான்' (2010)-இல் முற்றிலும் வேறு விதமாகப் பயன்படுத்துகிறார். அங்கே 'சர்' என்று கூப்பிடச் சொல்வது பெற்ற அப்பா. சிம்லா விடுதிப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட பதினேழு வயதுப் பையன், பல வருடம் கழித்து ஜாம்ஷெட்பூருக்குத் திரும்புகிறான். வந்த பிறகுதான் தனக்கு ஆறு வயதில் ஒரு தம்பி இருப்பதே தெரிகிறது. பாதி நாள் அப்பாவின் தொழிற்சாலை, பாதி நாள் விருப்பமில்லாத பொறியியல் படிப்பு. அவனுக்கோ கவிதை எழுதவேண்டும். படத்தில் காதலி கிடையாது, அம்மா கிடையாது. வளர்வதைப் பற்றிய நம் படங்களில் பையன் ஒரு பெண்ணைப் பார்த்துத்தான் பெரியவன் ஆவான்; 'அழியாத கோலங்கள்' போன்ற அருமையான படத்திலும் அப்படித்தான். உடானில் அவன் பெரியவன் ஆவது அந்த ஆறு வயதுத் தம்பியைக் கவனிக்கத் தொடங்கும்போது.

உடானில் காலை ஓட்டத்தைத் தொடர்ந்து கவனியுங்கள். அப்பாவும் மகனும் ஓடும் காட்சி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் யார் முன்னால், எவ்வளவு முன்னால், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். வசனத்தில் எங்கும் சொல்லாத கணக்கு அதில் ஓடுகிறது. ரோனித் ராய் அந்த அப்பாவைக் கத்தாமலே பயமுறுத்துகிறவராகச் செய்திருப்பது தனியாகச் சொல்லவேண்டியது. அந்தக் குடும்பத்துக்குள்ளேயே சித்தப்பாவாக ராம் கபூர் வருகிறார். அன்பான மனிதர், ஆனால் அண்ணன் எதிரே வாய் திறக்கமாட்டார். பல வீடுகளில் இவரைத்தான் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். படம் கான் விழாவின் 'அன் செர்த்தன் ரிகார்' பிரிவுக்குப் போனது.

பாட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: யதார்த்தப் படம் என்றால் பாட்டு இருக்கக்கூடாது என்று. தேவதாஸ் கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்த அனுராக் கஷ்யபின் 'தேவ் டி' (2009) ஆல்பத்தில் பதினெட்டுப் பாட்டு. இசையமைத்த அமித் திரிவேதிக்கு தேசிய விருதும் கிடைத்தது. நிறத்திலும் ஒளியிலும் அது யதார்த்தமே இல்லை, போதைக் கனவு மாதிரி இருக்கும். ஆனாலும் நாயகி பாரோ சைக்கிளில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் காட்சியில் உள்ள நிஜம், அதற்கு முந்தைய எந்த தேவதாஸிலும் இருந்ததில்லை. சரத் சந்திரரின் கதையில் பெண்கள் காத்திருப்பார்கள். இங்கே காத்திருந்து அழிகிறவன் தேவ் மட்டும்தான். கல்யாண வீட்டில் எல்விஸ் வேஷத்தில் பாடும் கூட்டத்தில் நவாஸுத்தீன் சித்திக்கியைக் கண்டுபிடியுங்கள். நான்கு வருடம் கழித்து 'தி லஞ்ச்பாக்ஸ்' படத்தில் ஷேக்காக வருகிறவர் அவரேதான்.

சரத் கடாரியாவின் 'தம் லகா கே ஹைஷா' (2015) பாட்டை வீட்டுப் பொருளாகவே வைத்துக்கொள்கிறது. 1995, ஹரித்வார், கேசட் கடை, பாடகர் குமார் சானு மேல் பைத்தியம். பத்தாவது தேறாத பையனுக்கு, ஆசிரியைப் படிப்பு முடித்த, அவன் விரும்பாத பருமனான பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். இங்கேயும் கேள்வி வேலைதான்: அவளுக்கு வேலை கிடைக்கும், அவனுக்கு அப்பாவின் கடை மட்டும்தான், அதுவும் கேசட் காலம் முடியப்போகிற நேரத்தில். பிரச்சினை அவள் உடம்பு என்று அவன் சொல்லிக்கொள்கிறான். பிரச்சினை அவன் மார்க் ஷீட் என்று படத்துக்குத் தெரியும்.

ரித்தேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்' (2013) பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது, அதனால் சுருக்கமாக. தவறிப் போன டிஃபன் கேரியர் வழியாக இலாவும் சாஜனும் கடிதம் எழுதிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். பலர் மறந்துவிடுவது, சாஜன் எழுதும் முதல் வரி சாப்பாட்டில் உப்பு அதிகம் என்ற புகார். மறுநாள் கேரியரில் மிளகாய் தூக்கலாக வருகிறது. அவர் வாழைப்பழம் தின்று சமாளிக்கிறார். முப்பத்தைந்து வருடம் இழப்பீட்டுக் கணக்குப் பார்த்த குமாஸ்தா அப்படித்தான் எழுதுவார். மாடி வீட்டு ஆன்ட்டியின் முகத்தைப் படம் கடைசி வரை காட்டாது; பாரதி ஆச்ரேக்கரின் குரலும் கயிற்றில் இறங்கும் கூடையும் மட்டும்தான். ஹெட்போன் போட்டுப் பாருங்கள், அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம்.

பொறுமை அதிகம் தேவைப்படுவது ஷூஜித் சர்க்காரின் 'அக்டோபர்' (2018) படத்துக்கு. எழுதியவர் ஜூஹி சதுர்வேதி. டெல்லியில் நட்சத்திர ஹோட்டலில் வேலை பழகும் பயிற்சி ஊழியர்கள். டேன் என்ற பையன் சோம்பேறி, வாய்த்துடுக்கு, கொடுத்த வேலையைச் சரியாகச் செய்யாதவன். முதல் அரை மணி நேரம் அவனைக் கண்டால் எரிச்சல்தான் வரும். டேனாக வரும் வருண் தவனுக்கு நடிக்கத் தெரியவில்லை என்று அந்த இடத்தில் எழுந்து போகிறவர்கள் உண்டு. எரிச்சல் வரவேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். புத்தாண்டு இரவில் சக பயிற்சி ஊழியர் ஷியூலி மாடியிலிருந்து தவறி விழுந்து கோமாவுக்குப் போகிறாள். விழுவதற்குச் சற்று முன் அவள் கேட்டது, "டேன் எங்கே?" அவ்வளவுதான். இருவருக்கும் நடுவில் காதல் எதுவும் இருந்ததில்லை. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவன் ஆஸ்பத்திரியே கதியென்று கிடக்கிறான்.

நடுப்பகுதியில் கதை நகராதது போலத் தோன்றும். ஐசியுவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு அந்த மெதுவு ஏன் என்று தெரியும். பணம் கட்டும் பேச்சு, எத்தனை நாள் இப்படி என்று உறவினர் ஒருவர் நாசூக்காக ஆரம்பிக்கும் பேச்சு, கீதாஞ்சலி ராவ் நடித்த அம்மா மறுபடியும் வகுப்பெடுக்கப் போகவேண்டிய கட்டாயம். இங்கேயும் வேலை விடாது. டேன் மட்டும் தன் வேலையைக் கோட்டைவிடுகிறான், அதற்கான விலையும் கொடுக்கிறான்.

ஷியூலி என்பது வங்காளத்தில் பவழமல்லியின் பெயர். இரவில் பூத்து, விடியலில் தானாகவே உதிரும் பூ. வெள்ளை இதழ், பவழ நிறக் காம்பு. இலையுதிர் காலத்தில், துர்கா பூஜையை ஒட்டிப் பூக்கும் என்பதால்தான் படத்துக்கு அந்தத் தலைப்பு. இந்தத் தகவல் தெரியாமல் பார்க்கும் வடக்கத்திப் பார்வையாளர்களைவிட, வாசலில் உதிர்ந்து கிடக்கும் பவழமல்லியைப் பொறுக்கி வளர்ந்த தமிழர்களுக்கு இந்தப் படம் ஒரு படி சுலபம். பறிக்கவேண்டிய பூ அல்ல அது, பொறுக்கவேண்டிய பூ. டேன் அவளுக்காகச் செய்வது எல்லாம் அந்த ரகம்தான்.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போகவேண்டியதில்லை. அயன் முகர்ஜியின் 'வேக் அப் சித்' (2009) இந்த வரிசையில் அடிக்கடி சேர்க்கப்படும். தன்னைவிட வயதில் மூத்த பெண்ணோடு ஒரு சோம்பேறிப் பையன் தங்க நேர்வதும், முதல் சம்பளத்தை அப்பாவிடம் கொண்டுபோவதும் நன்றாக வந்திருக்கும். ஆனால் மும்பைக்குப் புதிதாக வந்த பெண்ணின் வீடு ஒரே பாட்டில் பத்திரிகை அட்டைப்படம் மாதிரி ஆகிவிடும். மேலே சொன்ன மூன்றாவது கேள்வியை, யார் பணம் தருகிறார்கள் என்பதை, அந்தப் படம் தன்னிடமே கேட்டுக்கொள்வதில்லை. நல்ல பொழுதுபோக்கு, வேறு வகை.

அஷ்வினி ஐயர் திவாரியின் 'நில் பட்டே சன்னாட்டா' (2016) ஆக்ராவில் வீட்டு வேலை செய்யும் அம்மா, மகளின் பத்தாம் வகுப்பிலேயே மாணவியாகச் சேர்வது. அதே ஆண்டு அதே இயக்குநர் அமலா பாலை வைத்துத் தமிழில் 'அம்மா கணக்கு' எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. வசனம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் ஏன் ஒன்று மண்ணில் நிற்கிறது, மற்றது கொஞ்சம் மிதக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

புதியவற்றில் ஷுச்சி தலாத்தியின் 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' (2024). மலையடிவார உறைவிடப் பள்ளி, இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. மாணவர் தலைவியாக இருக்கும் மகள், அவள் விரும்பும் பையன், அந்தப் பையனின் கவனத்தில் தானும் கொஞ்சம் மலர்ந்துபோகும் அம்மா. கனி குஸ்ருதி அந்த அம்மா. அமெரிக்காவின் சண்டன்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது பெற்றது. மகளின் காதலைப் பார்க்கும் படம் என்று நினைத்து உட்கார்ந்தால், பாதியில் அது அம்மாவின் இளமையைப் பற்றியதாகவும் திரும்பிவிடும். பெற்றோரோடு சேர்ந்து பார்க்க ஏற்றதல்ல. தனித்தனியாக இரண்டு பேரும் பார்க்கலாம்.

வரிசை கேட்டால்: சஷ்மே பத்தூர், தம் லகா கே ஹைஷா, ரஜனிகந்தா, லஞ்ச்பாக்ஸ், பிறகு உடான், சர், அக்டோபர். வாரத்துக்கு ஒன்று போதும். ஒரே இரவில் இரண்டு பார்த்தால் இரண்டாவது படம் முதலாவதன் சோர்வைச் சுமக்கும், மெதுவு என்ற பழியும் அதன் மேல் விழும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கி ஓட்டுவது இன்னும் மோசம். ரஜனிகந்தா டாக்ஸியில் அந்த இடைவெளி எவ்வளவு நேரம் அப்படியே இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீரஜ் கெய்வானின் 'மசான்' (2015) படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருண் குரோவர் எழுதியது. காசியில் இரண்டு கதைகள். ஒன்றில் ஒரு இளம் பெண்ணை ஹோட்டல் அறையில் பிடித்து, கைபேசியில் படமெடுத்து, அவள் அப்பாவிடம் மூன்று லட்சம் கேட்கும் இன்ஸ்பெக்டர். தவணை தவணையாக அதைக் கட்டும் கிழவர். மற்றதில் பிணம் எரிக்கும் டோம் சாதியில் பிறந்து சிவில் இன்ஜினியரிங் படிக்கும் தீபக், உருதுக் கவிதை பிடித்த ஷாலு குப்தா. பெயரோடு சாதியைச் சேர்த்து எழுதுவதை நாம் விட்டுவிட்டதால் 'குப்தா' என்ற சொல் நம் காதில் வெறும் பெயராக விழும். அங்கே அதைக் கேட்டவுடனேயே வியாபாரச் சாதி என்று தெரிந்துவிடும். உன் வீடு எங்கே என்ற சாதாரணக் கேள்வி தீபக்குக்கு ஏன் தொண்டையில் சிக்குகிறது என்பதும் அதனால்தான். துர்கா பூஜைக் கூட்டத்தில் பறக்கும் பலூன்களைப் பாருங்கள். ஷாலு விரலில் உள்ள மோதிரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் போகவேண்டியிருந்தால் அன்று இரவு இந்தப் படத்தை எடுக்காதீர்கள்.